எழுவாய்

பணியின்போது பிழைதிருத்துநரால் ஒரு பிழை புகுத்தப்பட்டது. ஆங்கிலத்தில் ஒன்பதே சொற்கள். ஜெசிந்தா அதை ஆறாவது முறையாகப் படித்தபோது திரையின் மூலையில் மணி மூன்று ஐந்து. கழுத்துக்குப் பின்னால் ஏசி காற்று ஈரத்துணி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. பேன்ட்ரியில் யாரோ புளிசாதத்தைச் சூடு செய்கிற வாசனை வந்தது, இந்த நேரத்துக்கு யார் சாப்பிடுகிறார்கள் என்று தோன்றி, தோன்றிய இடத்திலேயே அதை விட்டுவிட்டு மறுபடி வாக்கியத்துக்கு வந்தாள். வாக்கியம் அவளுடையது இல்லை, கிரிதர் எழுதியது. கிரிதர் அவளைவிட எட்டு வயது சின்னவன், அவளுக்கு மேலதிகாரி, கெட்டவன் என்று சொல்ல முடியாது. லண்டனில் இருக்கும் மருத்துவ இதழுக்குப் போகவேண்டிய விளக்கக் கடிதத்தில் வணக்கம், வருத்தம், இனிமேல் எடுக்கப்போகிற நடவடிக்கை எல்லாவற்றையும் அவனே எழுதிவிட்டு, "நடுவுல ஒரே ஒரு சென்டென்ஸ் மட்டும் சரியா உட்காரல ஜெசிந்தா, நீங்க பார்த்து பாலிஷ் பண்ணிக் குடுங்க, நாலரைக்குள்ள அனுப்பணும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். பாலிஷ் போடுவதுதான் அவள் வேலை. பெருங்குடியில் இந்தக் கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு, பதினேழு வருஷமாக, முகம் தெரியாத டாக்டர்களும் பேராசிரியர்களும் எழுதிய ஆங்கிலத்தை இழுத்துப் பிடித்து நேராக்கிக்கொண்டிருக்கிறாள். ஆங்கிலேயர்களின் ஆங்கிலத்தையும் சேர்த்துத்தான். ஆரம்பத்தில் அது அவளுக்குச் சிரிப்பாக இருந்தது, பெரம்பூரில் பிறந்தவள் மான்செஸ்டர்க்காரருடைய கமாவைத் திருத்துவது. பிறகு சிரிப்பு பழகிப்போய்விட்டது. இன்றைக்கு அவளைப் பிடித்துக்கொண்டிருந்தது வேறொன்று. இந்த ஒன்பது சொல்லில் இலக்கணப் பிழை ஒன்றுமே இல்லை. அப்படியிருந்தும் உட்காரவில்லை என்று கிரிதருக்குத் தோன்றியிருக்கிறது. அவனுக்கே ஏன் தோன்றியது?

நடந்தது சின்ன விஷயம், அல்லது மிகப் பெரிய விஷயம். கைக்குழந்தைகளின் வலிப்புக்குக் கொடுக்கும் ஒரு மருந்தைப் பற்றிய கட்டுரை. நாற்பது வரிசை கொண்ட அட்டவணை. அதில் ஒரு வரிசையில் அரை மில்லி என்று இருக்கவேண்டிய இடத்தில் ஐந்து மில்லி என்று அச்சாகிவிட்டது. இதழ் வெளிவந்த மூன்றாம் வாரம் வேல்ஸில் ஏதோ ஓர் ஊரிலிருந்து ஒரு நர்ஸ் எழுதினார், இந்த அளவு இருக்கவே முடியாது, தயவுசெய்து பாருங்கள் என்று. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்று ஜெசிந்தா காலையிலிருந்து பலமுறை தனக்குச் சொல்லிக்கொண்டாள், ஒவ்வொரு முறை சொல்லும்போதும் ஒரு கரண்டி தெரிந்தது, கரண்டிக்குப் பின்னால் ஒரு சின்ன வாய் தெரிந்தது. உடனே கண்ணைத் திரைக்குக் கொண்டுவந்து, பை என்றாள் மனசுக்குள். பை, தமிழில் 'ஆல்'. ஆங்கிலத்தில் இரண்டே எழுத்து. புகுத்தப்பட்டது என்பதோடு நிறுத்தியிருந்தால் பிழை தானாக வந்து உட்கார்ந்த மாதிரி இருந்திருக்கும், மழை பெய்தது போல. கிரிதருக்கு அது போதவில்லை, லண்டன்காரர்கள் யார் என்று கேட்பார்கள், அதனால் பை போட்டுப் பின்னால் ஓர் ஆளை நிறுத்தியிருக்கிறான். பை தி ப்ரூஃப்ரீடர். அந்தத் தி வேறு. இந்த மாடியில் பதினோரு பிழைதிருத்துநர்கள் இருக்கிறார்கள். ஒரு பிழைதிருத்துநர் என்று போட்டிருந்தால் பதினோரு பேரும் கொஞ்சம் கொஞ்சம் பகிர்ந்துகொள்ளலாம். தி என்றால் உனக்கும் எனக்கும் தெரிந்த அந்த ஒருவர், விரல் நீட்டிக் காட்டுகிற சொல். தமிழில் இப்படி ஒரு சொல் கிடையாது, அதனால்தான் புதிதாகச் சேரும் பெண்கள் எல்லாம் தி எங்கே போடுவது, எங்கே விடுவது என்று மாதக்கணக்கில் தடுமாறுகிறார்கள். கிரிதர் இதுவரை ஒரு தி-யைக்கூடச் சரியான இடத்தில் போட்டவன் இல்லை, இன்றைக்குப் போட்டிருக்கிறான். தி நீட்டிய விரலின் நுனியில், ஜன்னலோரம், உலகநாதன் சார் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தேழு வயது, ஒப்பந்த ஊழியர், அச்சுக்கூடங்களில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர். எல்லோரும் திரையில் படிக்கும்போது அவர் மட்டும் பக்கங்களைப் பிரின்ட் எடுத்து, வரிக்கு அடியில் ஸ்டீல் ஸ்கேலை வைத்து நகர்த்தி நகர்த்திப் படிப்பார். இப்போதும் நகர்த்திக்கொண்டிருந்தார். கடிதம் போகப்போவது அவருக்குத் தெரியும். அதில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை.

நிறுவனத்தின் ஸ்டைல் ஷீட்டைத் திறந்தாள், நாற்பத்தாறு பக்கம், அவளே தொகுத்தது. சந்தேகம் வந்தால் விதியைப் பார் என்று மற்றவர்களுக்குச் சொல்கிறவள், தானும் பார்க்கலாமே. ஒரு சொல்லில் முடிவதை மூன்று சொல்லில் எழுதாதே. ஒரு வாக்கியத்தில் ஒரு கருத்து. சொல்ல வருகிற முக்கியமான விஷயத்தை வாக்கியத்தின் கடைசியில் வை. பத்தின எண்ணில் புள்ளிக்கு முன்னால் பூஜ்யம் கட்டாயம். அந்த வரியைக் கண் சட்டென்று தாண்டிக் கீழே ஓடி, ஏழாவது விதியில் நின்றது. பேசிவ் வாய்ஸ் ஷுட் பி அவாய்டட். செயப்பாட்டுவினை தவிர்க்கப்படவேண்டும். படித்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தவிர்க்கப்படவேண்டும் என்பதே செயப்பாட்டுவினைதானே! எட்டு வருஷமாக இந்த விதியை இருநூறு பேராவது படித்திருப்பார்கள், ஒருத்தர்கூடச் சொல்லவில்லை, எழுதிய அவளுக்கே தெரியவில்லை. வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். பக்கத்து நாற்காலிப் பெண் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்ன என்பது போலப் பார்த்தாள், ஒன்றும் இல்லை என்று கையசைத்தாள். தவிர்க்கப்பட. படு. இந்தப் படு என்பது என்ன? சொல்லப்பட்டது, செய்யப்பட்டது, அடிபட்டது. கண்ணில் பட்டது, காதில் பட்டது. அடிப்பவன் ஒருவன் இருக்க, படுகிறவன் இன்னொருவன். ஆனால் பயப்பட்டாள், வெட்கப்பட்டாள், ஆசைப்பட்டாள், கவலைப்பட்டாள் என்றும் சொல்கிறோமே, அங்கே அடிப்பவன் யார்? பயம் வெளியிலிருந்து வந்து மேலே பட்டதா? ஆங்கிலத்தின் வாஸ் எதையும் படுவதில்லை, அது பாட்டுக்கு வந்து நின்றுவிட்டுப் போகிறது. தமிழில் செயப்பாட்டுவினை எழுதினால் யாரோ ஒருவர் பாடுபட்டே ஆகவேண்டும். ஏழாம் வகுப்பில் முதன்முதலாகச் செய்வினை, செயப்பாட்டுவினை என்று புத்தகத்தில் பார்த்தபோது அவள் பயந்துபோனாள். அந்த மாதம்தான் எதிர்வீட்டு லில்லி அக்கா தன் வீட்டுக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று அழுது, வாசலில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் கிடந்ததாகத் தெருவே கூடியிருந்தது. அதே செய்வினையா பாடப்புத்தகத்தில்? டீச்சரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. கந்தன் பழத்தைத் தின்றான், இது செய்வினை. அப்போ கந்தன் மந்திரவாதியா? யார் செய்தார் என்று பெயர் சொல்லிவிட்டால் செய்வினை என்கிறது இலக்கணம். யார் செய்தார் என்று தெரியாவிட்டால் செய்வினை என்கிறது தெரு. அன்றைக்கு வராத வியப்பு முப்பது வருஷம் கழித்து, நாலரை மணிக்குக் கடிதம் போகவேண்டிய நாளில் வந்து நிற்கிறதே என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்கும் முந்தியது ஒன்று இருந்தது. வேண்டாம் என்று ஒதுக்க ஒதுக்க வந்தது. ஒன்பது வயதில், வீட்டு மாதா சுரூபத்தின் கண்ணாடிக் கூண்டு. மெழுகுவர்த்தி வைக்க எக்கியபோது முழங்கை பட்டுக் கீழே விழுந்தது. அம்மா ஓடிவந்தபோது அவள் சொன்னது ஒரே சொல், உடைஞ்சிடுச்சு. பொய் இல்லை, உடைந்துதான் இருந்தது, சிமென்ட் தரை முழுக்க உடைந்திருந்தது. அம்மா, "உடைஞ்சுதா, உடைச்சியாடி?" என்று கேட்டாள். ஒரு ஞ், ஒரு ச், அவ்வளவுதான் வித்தியாசம். அதற்குள் அண்ணன் தாமஸ் பந்தோடு உள்ளே வந்தான், பந்தைப் பார்த்ததும் அம்மா முடிவுக்கு வந்துவிட்டாள், கேள்வி அந்தரத்தில் நின்றது, அவனுக்கு முதுகில் நாலு விழுந்தது. அவள் எதுவும் சொல்லவில்லை. சொல்லாதது பொய்யாகுமா என்று கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது கேட்க நினைத்து, அதையும் கேட்கவில்லை. தாமஸ் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறான், போனில் பேசும்போது ஒருதடவைகூட அது வந்ததில்லை, அவன் மறந்திருப்பான். கண்ணாடி உடைந்தது, கதவு திறந்தது, பால் பொங்கியது, பஸ் போய்விட்டது. ஆள் இல்லாமலே காரியம் நடந்துவிடுகிற வாக்கியங்கள் தமிழில்தான் எத்தனை, அவற்றுக்குள் எவ்வளவு சௌகரியமாகப் படுத்துக்கொள்ளலாம்.

காலையில் அவள் பழைய கோப்பைத் திறந்து பார்த்திருந்தாள். திருத்தங்களின் தடத்தை நிறுவனம் மூன்று மாதம்தான் வைத்திருக்கும், பிழைதிருத்துநருக்கு முந்தைய அவளுடைய கட்டத்தில் நடந்தது எல்லாம் சர்வரிலிருந்து போய்விட்டது. மிச்சமிருப்பது உலகநாதன் சார் பேனாவால் திருத்திய பக்கத்தின் ஸ்கேன். அதில் அட்டவணையின் இருபத்தேழாவது வரிசையில் 05 என்று இருக்கிறது, அவர் பூஜ்யத்தை அடித்திருக்கிறார். வெறும் 5 ஆகிவிட்டது. அதனால்தான் கிரிதரின் விரல் அவர்மேல் நீண்டது. 05 எங்கிருந்து வந்தது என்று கிரிதருக்குத் தோன்றவில்லை. ஜெசிந்தாவுக்குத் தோன்றியது. தன் கணினியில் தனியாக வைத்திருந்த பிரதியைத் திறந்தாள். கட்டுரை எழுதிய டாக்டர் எல்லா வரிசையிலும் பூஜ்யம் இல்லாமல் .5 என்பது போலப் புள்ளியில் தொடங்கியிருந்தார். விதிப்படி நாற்பது வரிசைக்கும் அவள்தான் பூஜ்யம் சேர்த்தாள். முப்பத்தொன்பதில் புள்ளி இருந்தது. ஒன்றில் பூஜ்யம் வந்த வேகத்தில் புள்ளி போயிருந்தது. அன்றைக்கு என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தாள், ஒன்றுமே ஞாபகம் வரவில்லை. காய்ச்சலாக இருந்ததா, வீட்டிலிருந்து போன் வந்ததா, ஒரு காரணம் கிடைத்தால் பிடித்துக்கொள்ளலாம், கிடைக்கவில்லை. விதியைக் காப்பாற்றப்போன விரல் ஒரு மில்லிமீட்டர் தள்ளி விழுந்திருக்கிறது. இந்தப் பிரதி உலகத்தில் வேறு யாரிடமும் இல்லை. அழித்துவிட்டால் யாரிடமும் இருக்காது. பிரதியின் மேல் கர்சரை வைத்தாள், எடுத்தாள். 

"முடிஞ்சுதா?" என்று கண்ணாடி அறையிலிருந்து கிரிதர் எட்டிப் பார்த்தான்.

"பத்து நிமிஷம்."

"ஒரு சென்டென்ஸ்தான் ஜெசிந்தா."

ஒரு சென்டென்ஸ்தான். மணி மூன்று ஐம்பது. அட்டவணையைச் சரிபார்க்கையில் புள்ளி விடுபட்டது என்று எழுதிப் பார்த்தாள். தமிழில் இது நல்ல வாக்கியம், யாரும் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். ஆங்கிலத்தில் எழுதியதும் புள்ளியே உட்கார்ந்து அட்டவணையைச் சரிபார்த்தது போல ஆகிவிட்டது. தொங்கும் தொடர் என்பார்கள், தொங்குகிற சொற்களுக்குச் சொந்தக்காரர் யார் என்று ஆங்கிலம் கட்டாயம் கேட்கும், சொல்லாவிட்டால் பக்கத்தில் கிடைத்த பெயரைப் பிடித்து ஒட்டிவிடும். கடிதத்தில் கிரிதர் எழுதியதும் அப்படித்தானோ, பக்கத்தில் கிடைத்த பெயர். அழித்தாள். நாங்கள் தவறவிட்டோம் என்று வி போட்டாள். வி என்றால் நாமா, நாங்களா? ஆங்கிலத்துக்கு அந்தக் கவலையே இல்லை, படிக்கிறவரும் உள்ளே இருக்கிறாரா வெளியே இருக்கிறாரா என்று சொல்லாமலே வண்டி ஓட்டிவிடும். அந்த வி-க்குள் ஐந்தாம் மாடியே அடைந்துகொள்ளலாம், வாட்ச்மேன்கூட. ரொம்ப இடம் இருக்கிற சொல். அதையும் அழித்தாள். வெறும் வெள்ளைத் திரையில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. வெளியே மெட்ரோ வேலைக்காக எதையோ தரைக்குள் இறக்கினார்கள், மேஜை லேசாக நடுங்கியது, தண்ணீர் பாட்டிலில் வட்டம் வட்டமாக ஓடியது. ஐ. ஒற்றை எழுத்து. ஆங்கிலத்தில் நீ, அவன், அவள், கடவுளைக் குறிக்கும் அவர்கூடச் சின்ன எழுத்தில் போகலாம், நான் மட்டும் எந்த இடத்திலும் பெரிய எழுத்து, தந்திக்கம்பம் மாதிரி நேராக நிற்கவேண்டும். தமிழில் விட்டுவிட்டேன் என்றால் போதும், நான் கடைசியில் வரும் ஏன் விகுதியில் ஒளிந்துகொள்ளும், வினைச்சொல்லின் வாலில், இருப்பதும் தெரியாமல். பதினேழு வருஷத்தில் எத்தனை ஐ-க்களை வெட்டியிருப்பாள்! நான் கவனித்தேன் என்று எழுதும் விஞ்ஞானியிடமிருந்து நானைப் பிடுங்கிவிட்டு, கவனிக்கப்பட்டது என்று மாற்றுவது. ஆயிரக்கணக்கில், ஏழாவது விதி என்ன சொன்னாலும் இதழ்கள் கேட்பது அதைத்தான். ஆனால் தானாக ஒரு ஐ-யை எங்காவது போட்டிருக்கிறாளா என்று யோசித்தாள். லீவ் லெட்டரில்தான். ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர். அதிலும் பாடுபடுகிற ஐ. சட்டென்று, நிதானமாகவும் கொஞ்சம் ஆவலாகவும், எழுதினால் எப்படி இருக்கும் என்று பார்க்கிற குறுகுறுப்பில், அடித்தாள். ஐ டிலீட்டட் தி டெசிமல் பாயிண்ட். தசமப் புள்ளியை நான் நீக்கினேன். ஐந்தே சொல். எண்ணிப் பார்த்தாள். எங்கேயும் தொங்கவில்லை. இந்த மாதிரி ஒரு வாக்கியத்தை வேறு யாராவது எழுதி அனுப்பியிருந்தால் ஒரு கமாகூட மாற்றாமல் அப்படியே விட்டிருப்பாள். 

பிரின்ட் எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனாள். உலகநாதன் ஸ்கேலை வரியிலேயே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"சார், அந்தப் புள்ளி என் கையில போனது. நீங்க பார்க்கும்போது அது ஏற்கெனவே 05."

அவர் தாளை வாங்கிப் படித்தார். அவர் எதையும் ஒருமுறை படிப்பதில்லை. இரண்டாவது முறை படிக்கும்போது உதடு அசைந்தது.

"எப்ப தெரிஞ்சுது?"

"காலையில. பதினொரு மணி இருக்கும்."

"இப்ப நாலு." அவர் கடிகாரத்தைப் பார்க்காமலே சொன்னார். அஞ்சு மணி நேரம் என்று அவர் சொல்லவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். 

"சரி, இதுல தப்பு இருக்கும்மா" என்றார்.

"எங்க சார்?"

"பாதிதான் இருக்கு. 05-ன்னு பார்த்தவன் என்ன பண்ணியிருக்கணும்? மேல இருபத்தாறு வரிசையில புள்ளி இருக்குதே, இங்க மட்டும் எங்கடான்னு கேட்டிருக்கணும். மூலப் பிரதியைப் புரட்டியிருக்கணும். நான் கேட்கல. அசிங்கமா இருக்குதேன்னு பூஜ்யத்தை அடிச்சிட்டுப் போயிட்டேன். முப்பத்தஞ்சு வருஷமா இதானே பொழப்பு, கை தானா அடிச்சிருச்சு. என் பேரையும் சேர்த்துக்க."

"உங்களைக் காப்பாத்தத்தான் சார் இதை..."

"தெரியுது. அதுக்காகப் பொய்யா எழுதுவியா?" கோபம் இல்லை, ஆனாலும் குரலில் ஒரு விறைப்பு இருந்தது. பேனாவை எடுத்து, ஐ-க்கு முன்னால் சொல் சேர்க்கச் சொல்லும் கூரைக்குறி ஒன்றை வரைந்து, பிறகு நிறுத்தினார். "இரு, இரு. யார் முன்னாடி, யார் பின்னாடி?"

"உலகநாதன் அண்ட் ஐ. தன்னைக் கடைசியில் போடணும், அதானே மரியாதை."

"அது நல்ல காரியத்துக்கு. பரிசு வாங்கினோம், ஊருக்குப் போனோம், அதுக்கெல்லாம் நான் கடைசி. தப்பை ஒத்துக்கிறப்ப நான்தான் முதல்ல வரணும். பள்ளிக்கூடத்துல நான், நீ, அவன்னு ஒண்ணு ரெண்டு மூணு நம்பர் போட்டுச் சொல்லிக் குடுத்தாங்களே, நீ படிக்கலியா?"

படித்திருந்தாள். எங்கேயோ அடியில் கிடந்தது, இதுவரை ஒருமுறைகூடத் தேவைப்படாததால் மேலே வரவேயில்லை. யாரும் தவறை ஒத்துக்கொண்டு கட்டுரை எழுதுவதில்லை. எவ்வளவு விசித்திரமான விதி, யாரோ ஒரு இலக்கணக்காரர் உட்கார்ந்து, குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர்கள் எந்த வரிசையில் நிற்கவேண்டும் என்றுகூட யோசித்திருக்கிறார். நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து திருத்தி எழுதினாள். நான் புள்ளியை நீக்கினேன். திரு. உலகநாதன் பூஜ்யத்தை நீக்கினார். மூலப் பிரதியோடு நாங்கள் இருவரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. இப்போது அந்த வி-யில் இரண்டு பேர்தான் இருந்தார்கள், பெயரோடு. அவர் ஸ்கேலை ஒவ்வொரு வரிக்கடியிலும் வைத்துப் படித்துவிட்டு, "போகட்டும்" என்றார்.

கிரிதர் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தான். அவன் முகம் சிவந்தது கோபத்திலா, வேறெதிலா என்று தெரியவில்லை.

"இது என்ன ஜெசிந்தா? ஒரு வாக்கியம் கேட்டா மூணு வந்திருக்கு."

"ஒரு வாக்கியத்துக்கு ஒரு விஷயம். மூணு விஷயம் நடந்திருக்கு."

"சரி. ஆனா பாருங்க, லெட்டர் என் பேர்ல போகுது. கீழ நான் சைன் பண்றேன். இந்த ஐ யாரு? படிக்கிறவனுக்கு இந்த ஐ நான்தானே? நானா புள்ளியை எடுத்தேன்?"

அவள் அதை யோசிக்கவே இல்லை. அவன் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தாள். அவன் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. ஐ-க்குச் சொந்த முகம் கிடையாது, அடியில் யார் கையெழுத்து போடுகிறார்களோ அவர்கள் முகத்தை எடுத்துக்கொள்ளும். இத்தனை வருஷம் இந்தச் சொல்லைச் சுற்றிச் சுற்றி வந்தவளுக்கு இது தெரியாமல் இருந்ததே என்று, அந்த இடத்திலும், அந்தப் பயத்திலும், அவளுக்கு ஒரு ஆச்சரியம் வந்தது.

"அப்ப நான் சைன் பண்றேன்" என்றாள்.

"நம்ம ஆளுங்க யாரும் கிளையண்டுக்கு நேரா எழுதினதில்ல."

"தெரியும்."

"ஜர்னல் நம்ம கைய விட்டுப் போச்சுன்னா?"

 கிரிதர் அறைக் கண்ணாடி வழியே மாடியைப் பார்த்தான். கண்ணாடிக்கு வெளியே, ஜன்னலோர மேஜையில் உலகநாதன் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டிருந்தார். "அவரை நிறுத்திடலாம்னு மேல ஏற்கெனவே சொல்லியாச்சு" என்றான் மெதுவாக. "இது போனா அதை நான் திரும்பப் பேசணும். பேசறேன். ஆனா உங்களை மெடிக்கல்ல இனிமே வைக்க முடியாது ஜெசிந்தா. அதையும் அவங்க கேட்பாங்க."

"கேட்கட்டும்."

அவன் எழுந்து தன் நாற்காலியை அவளுக்கு விட்டான். கடிதத்தின் அடியில் தன் பெயரை அழித்தான். அவள் அடித்தாள். ஜெசிந்தா அருள்தாஸ். பிறகு அனுப்பும் விசையை அழுத்தினாள். நாலு இருபத்தெட்டு. ஒன்றும் நடக்கவில்லை, எப்போதும் போல ஒரு சின்னச் சத்தம் மட்டும் வந்தது. அன்று சாயங்காலம் லண்டனிலிருந்து பதில் வரவில்லை. மறுநாள் வந்தது, மன்னிப்பும் இல்லை, கண்டிப்பும் இல்லை, நிறுவனத்தின் வேலையை ஆறு மாதம் கண்காணிப்பில் வைப்பதாக நாலு வரி. உலகநாதனின் ஒப்பந்தம் கிழிக்கப்படவில்லை. கிழிக்கவில்லை, கிரிதர் கிழிக்கவிடவில்லை என்று அவள் மனசுக்குள் திருத்திக்கொண்டாள்.

அவளுக்குப் புது வேலை வந்தது. மருத்துவம் இல்லை, யார்க்‌ஷையரில் ஒரு அம்மாள் எழுதிய சமையல் புத்தகம், முந்நூறு பக்கம். இறக்கிவிட்டார்கள் என்று மாடி முழுக்கப் பேச்சு. இருக்கட்டும் என்று கோப்பைத் திறந்தாள். முதல் பக்கம், முதல் வாக்கியம், இரண்டு முட்டையை உடை. நிறுத்தினாள். இதற்கு எழுவாய் எங்கே? அந்த அம்மாள் எழுதவில்லை, எழுதவேண்டிய அவசியமும் இல்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிகிறது, புத்தகத்தை மேடையில் சாய்த்து வைத்துவிட்டு ஈரக்கையோடு நிற்கிறவள்தான் உடைக்கவேண்டும். அப்படியானால் இதைப் படிக்கிற இந்த நிமிஷத்தில் அது யார்? அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு இரண்டாவது வாக்கியத்துக்குப் போனாள்.